உப்பும் நரம்பும் முதுமையும்

வயது ஏற ஏற நினைவு தளரும் என்பது நெடுங்காலமாக நம்மிடையே நிலவிவரும் எண்ணம். இவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டிய தேவை நம் முன்னோரைவிட நமக்கு மிகுதி. 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டுக் காலத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சராசரியாக 32 ஆண்டுகளே. இன்று அது 70 ஆண்டுகளை எட்டிவிட்டது. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதை எய்தியோர் நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். ஆயுள் நீண்டதில் மகிழ்ச்சி அடைகிறோம். ஆயினும் அதனுடன் ஒரு கவலையும் சேர்ந்தே வந்திருக்கிறது. 60 வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிவும் நினைவும் சிதையும் நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர் என 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இவ்வெண்ணிக்கையைக் கேட்டு மலைக்கும் வேளையில் இதன் மறுபுறத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். முதியோருள் மிகப் பெரும்பாலோர் இந்நோய்க்கு ஆளாகவில்லை. தொண்ணூறு வயதிலும் தம் நிலத்தின் நான்கு எல்லைகளையும் பிழையின்றிச் சொல்பவர்களும், கொள்ளுப் பேரர்களின் பெயரையும் பிறந்த நாளையும் முறையாக நினைவில் வைத்திருப்பவர்களும் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களுடைய மூளையும் மற்றவர் மூளையைப் போலவே அத்தனை ஆண்டுகள் இரவு பகலாக உழைத்த மூளைதான். அப்படியாயின் அதனைத் தேய்வினின்றும் காத்து நிற்பது எது?

இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்திருக்கிறது. முதுமையைப் பற்றிய எண்ணமே இல்லாமல், நரம்பில் இருக்கும் ஒரு பொருள் தசையில் ஏன் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை அது. அவ்வுண்மையை அறிந்துகொள்ள நாம் முதலில் உப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் நாள்தோறும் உணவில் சேர்த்துக்கொள்ளும் உப்பு, சோடியம், குளோரின் என்னும் இரு தனிமங்களின் சேர்க்கை. நீரில் கரைந்ததும் சோடியம் நேர்மின் ஏற்ற அயனியாகப் பிரிந்து நிற்கிறது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றிலும் உள்ள நீரில் சோடியம் மிகுந்திருக்கிறது. உயிரணுவின் உள்ளேயோ மிகக் குறைந்திருக்கிறது. உட்புகும் சோடியத்தை ஓயாது வெளியேற்றி, அதற்கு மாறாகப் பொட்டாசியத்தை உள்ளே ஈர்க்கும் ஒரு புரதமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ 1957 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து, 1997 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஏற்றம் இறைத்து மேட்டுத் தொட்டியில் நீரைத் தேக்கி வைப்பதுபோல, இப்புரதம் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை வெளியே தேக்கி வைக்கிறது. மதகைத் திறந்தால் தேக்கிய நீர் பாயும் அன்றோ? நரம்பில் செய்தி செல்வதும் அவ்வாறே.

ஓய்ந்திருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தம் உடையது. தூண்டுதல் ஏற்பட்டதும் அதன் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து, வெளியே தேங்கி நிற்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. உடனே உட்புறம் நேர்மின் தன்மை பெறுகிறது. இம்மாறுதல் அடுத்த பகுதியிலுள்ள வாயில்களைத் திறக்கச் செய்கிறது. அது அதற்கடுத்த பகுதியை எழுப்புகிறது. இவ்வாறு ஓரிடத்தில் எழுந்த துடிப்பு, தடித்த நரம்பிழைகளில் வினாடிக்கு 100 மீட்டர் வேகத்திலும் ஓடிவிடுகிறது. ஓரிடத்தில் அத்துடிப்பு நிலைத்திருக்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பல் மருத்துவர் ஈற்றில் லிக்னோகெயின் ஊசி போட்டதும் வலி தெரியாமற் போவதற்குக் காரணம், அம்மருந்து இவ்வாயில்களை அடைத்துவிடுவதுதான். பேத்தை மீனின் நஞ்சு உயிரைக் குடிப்பதும் இவ்வாயில்களை அடைப்பதனாலேயே.

சோடியத்தின் இச்செயல் இங்கிலாந்தில் ஒரு கடல் உயிரின் உதவியால் தெளிவுபட்டது. நம் கடற்கரை மக்கள் ஊசிக் கணவாய் என்று கூறும் இனத்தின் உடலில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை பருத்த நரம்பிழைகள் உண்டு என்பதை ஜே. இஸட். யங் 1936 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். பிளிமத் துறைமுகத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரு ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1939 ஆம் ஆண்டில் அவ்விழையின் உள்ளேயே மின்முனையைச் செலுத்தித் துடிப்பை அளந்தனர். உலகப் போரினால் தடைப்பட்ட ஆராய்ச்சி போருக்குப் பின் தொடர்ந்தது. வெளியிலுள்ள சோடியத்தைக் குறைத்தால் துடிப்பும் குறைகிறது என்பதை ஹாட்ஜ்கினும் பெர்னார்டு காட்ஸும் 1949 ஆம் ஆண்டில் நிறுவினர். 1952 ஆம் ஆண்டில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இந்நிகழ்ச்சி முழுவதையும் கணிதச் சமன்பாடுகளாக வடித்துக் கொடுத்தனர். 1963 ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் புகும் வாயில் எப்பொருளால் ஆனது என்பது அப்பொழுது தெரியாது. அதனைத் தெரிவித்தவர் ஜப்பானிலுள்ள கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷோசாகு நூமாவும் அவருடைய குழுவினரும் ஆவர். தென் அமெரிக்க நதிகளில் வாழும் மின் விலாங்கின் மின்னுறுப்பில் இவ்வாயில்கள் செறிந்திருக்கின்றன. அவ்வுறுப்பைக் கொண்டு, சோடிய வாயில் என்பது 1,820 அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்த ஒரு பெரும் புரதம் என்பதை அவர்கள் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், எலியின் மூளையில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட சோடிய வாயில்கள் இருப்பதையும் அக்குழுவினரே கண்டனர். மின்னழுத்தம் மாறியதும் திறக்கும் இத்தகைய வாயில்கள் மனிதருக்கு ஒன்பது வகை உண்டென்பது இன்று தெளிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஜீன், அதாவது மரபணு, உண்டு. மூளைக்குரியவை சில, உடலை அசைக்கும் தசைக்குரியது ஒன்று, இதயத் தசைக்கென்று சிறப்பாக அமைந்தது மற்றொன்று.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. நம் உடலின் எல்லா உயிரணுக்களும் கருவுற்ற ஒரே உயிரணுவிலிருந்து பெருகியவை. ஆகவே ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் அடங்கிய அதே தொகுதி முழுமையாக இருக்கிறது. நரம்புக்குரிய சோடிய வாயிலின் மரபணு தசையிலும் உண்டு, கல்லீரலிலும் உண்டு, தோலிலும் உண்டு. அங்ஙனமிருக்க, நரம்பில் மட்டும் அது செயற்படுவதும் மற்ற இடங்களில் வாளா கிடப்பதும் எவ்வாறு? ஒரு பெரிய நூலகத்தின் பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தும், ஒவ்வொரு வீட்டாரும் தமக்கு வேண்டிய சில நூல்களை மட்டும் எடுத்துப் படிப்பதை ஒத்தது இது. மற்ற நூல்களைப் பிரிக்கவிடாமல் கட்டி வைப்பவர் யார்?

முதலில் தசையின் பக்கம் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரில் ஹெரால்டு வைன்ட்ராபின் குழுவினர் ஒரு வியப்பான சோதனையை நிகழ்த்தினர். மையோ-டி எனப்படும் ஒரே ஒரு மரபணுவை இணைப்புத் திசுவின் உயிரணுக்களில் செயற்பட வைத்ததும், அவை தசை உயிரணுக்களாக மாறத் தொடங்கின. இம்மரபணுவும் இதன் உறவான வேறு சிலவும் உண்டாக்கும் புரதங்கள், தசைக்கு வேண்டிய மரபணுக்களின் அருகே அமர்ந்து அவற்றைச் செயற்படத் தூண்டுகின்றன. அவ்வாறு தூண்டப்படுபவற்றுள் தசைக்குரிய சோடிய வாயிலின் மரபணுவும் ஒன்று.

ஆனால் அத்தூண்டுதல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுவதன்று. கருவிலுள்ள இளந்தசையில் இதயத்திற்குரிய வகைச் சோடிய வாயிலும் காணப்படுகிறது. நரம்பு வளர்ந்து வந்து தசையைத் தொட்டு, அதனை இயக்கத் தொடங்கியபின் அவ்வகை மறைந்து, வளர்ந்த தசைக்குரிய வகை நிலைபெறுகிறது. தசைக்குச் செல்லும் நரம்பு அறுபட்டால் நேர்வது யாது? 1971 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் எலியின் தசைகளில் இதனை ஆராய்ந்தனர். நரம்பு அறுபட்ட சில நாட்களுக்குள் அத்தசையில், பேத்தை மீனின் நஞ்சுக்கு எளிதில் அடைபடாத வாயில்கள் தோன்றின. அவை இளமையில் இருந்து மறைந்த இதய வகை வாயில்களே என்பது 1990 ஆம் ஆண்டில் புலனாயிற்று. வளர்ந்த உடலிலும் மரபணுவின் பூட்டு நிரந்தரமன்று. சூழ்நிலை மாறினால் பூட்டியது திறக்கும், திறந்தது பூட்டும் என்னும் பாடத்தை நமக்குத் தசை கற்பித்தது. முதுமையைப் பற்றிப் பேசும்போது இப்பாடம் நமக்குப் பயன்படும்.

இனி நரம்பின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கெய்ல் மாண்டல் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், மூளைக்குரிய இரண்டாம் வகைச் சோடிய வாயிலின் மரபணுவை எடுத்துக்கொண்டனர். அம்மரபணுவின் முன்பகுதியைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்தத் துண்டு எப்பணியைச் செய்கிறது என்று தேடினர். நரம்பில் அதனைத் தூண்டிவிடும் பகுதி ஏதேனும் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவர்கள் கண்டது வேறு. ஏறத்தாழ 21 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு பகுதியை நீக்கியதும், அதுவரை தசை உயிரணுவில் ஊமையாயிருந்த அம்மரபணுவின் முன்பகுதி அங்கேயும் செயற்படலாயிற்று. அச்சிறு பகுதி ஒரு பூட்டு என்பது 1992 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. நரம்புக்கு வெளியே எங்கும் பூட்டப்பட்டிருப்பதே அம்மரபணுவின் வழக்கம். பூட்டு இல்லாத இடமே நரம்பு.

பூட்டு இருந்தால் பூட்டுகிறவரும் இருத்தல் வேண்டும் அன்றோ? 1995 ஆம் ஆண்டில் அந்தப் புரதத்தை இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டுபிடித்தனர். ஒன்று மாண்டலின் குழு. மற்றொன்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஆண்டர்சனின் குழு. மாண்டலின் குழு அதற்கிட்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ரெஸ்ட்' என்றாயின. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஓய்வு என்பது பொருள். பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பது அவ்வாண்டில் பெயரிட்டவர்களுக்கே தெரிந்திருக்க இயலாது.

ரெஸ்ட் புரதம் வேலை செய்யும் முறை இது. துத்தநாக அணுக்களைப் பற்றி நிற்கும் விரல் போன்ற மடிப்புகளால் அது மேற்கூறிய 21 எழுத்துப் பகுதியை இனங்கண்டு பிடித்துக்கொள்கிறது. பின்னர் தன் இரு முனைகளாலும் வேறு புரதக் கூட்டங்களை அழைத்து அருகில் நிறுத்துகிறது. அவை மரபணு இழை சுற்றப்பட்டிருக்கும் உருளைகளில் இரசாயன மாற்றங்களைச் செய்து இழையை நெருக்கமாகச் சுருட்டிவிடுகின்றன. சுருண்ட இழையைப் படிக்க இயலாது. ஆகவே அதிலிருந்து புரதம் உண்டாவதில்லை. மனிதரின் மரபணுத் தொகுதியில் இத்தகைய பூட்டுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் இருப்பதாகப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. சோடிய வாயில் மட்டுமன்றி, நரம்பணுவை நரம்பணுவாக ஆக்கும் பல மரபணுக்களும் இந்த ஒரே காவலின்கீழ் இருப்பது புலனாயிற்று. கருவில் ஓர் உயிரணு நரம்பணுவாக முதிரும்போது ரெஸ்ட் குறைகிறது, பூட்டுகள் திறக்கின்றன. ரெஸ்ட் மரபணு அறவே இல்லாத எலிக்குஞ்சுகள் பிறப்பதற்கு முன்பே கருவில் மடிந்துவிடுகின்றன என்பது 1998 ஆம் ஆண்டில் தெரிந்தது. அடக்கி வைத்தலும் உயிருக்கு அடிப்படையான பணி என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இதுகாறும் சொன்னவற்றால், முதிர்ந்த நரம்பணுவுக்கு ரெஸ்ட் வேண்டாத பொருள் என்றே தோன்றும். ஆராய்ச்சியாளரும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தனர். இவ்வெண்ணத்தை மாற்றியது 2014 ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் புரூஸ் யாங்னரின் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி. இறந்தபின் ஆய்வுக்கென வழங்கப்பட்ட மனித மூளைகளை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். இளையோரின் மூளை நரம்பணுக்களில் சிறிதளவே காணப்பட்ட ரெஸ்ட், நலமாக வாழ்ந்து முதுமையடைந்தோரின் நரம்பணுக்களில், குறிப்பாக அவற்றின் உட்கருவில், மிகுந்து காணப்பட்டது. கருவளர்ச்சியின்போது விலகிச் சென்ற காவலாள், முதுமையில் மீண்டும் வந்து நிற்பது போன்றது இது.

நினைவிழந்தோரின் மூளையிலோ நிலைமை வேறாயிருந்தது. அல்சைமர் நோய் என்பதை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906 ஆம் ஆண்டில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் கூட்டத்தில் முதன்முதல் எடுத்துரைத்தார். மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத் திட்டாகப் படிவதும், நரம்பணுக்களுள் டௌ என்னும் புரதம் சிக்குண்டு முறுகுவதும் அதன் அடையாளங்கள். இந்நோயுற்றோரின் நரம்பணு உட்கருவில் ரெஸ்ட் பெரிதும் மறைந்திருப்பதை 2014 ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. நோய் முற்றுவதற்கு முன்பான மெல்லிய மறதி நிலையிலேயே அது குறையத் தொடங்கியிருந்தது. குறைந்த ரெஸ்ட் எங்கே போயிற்று? உயிரணு தன் கழிவுகளைச் சேர்த்து அழிக்கும் பைகளுக்குள், உருக்கெட்ட புரதங்களுடன் அதுவும் சிக்கிக் கிடந்தது. மறுபுறம், மூளையில் அமிலாய்டு படிந்திருந்தும் அறிவு தெளிவாயிருந்த முதியோர் சிலரிடம் ரெஸ்ட் குறையாதிருந்தது.

மூளையில் ரெஸ்ட் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வயதானபோது நரம்பணுக்கள் அழியத் தொடங்கின. இதனால், ரெஸ்ட் குறைவது நோயின் விளைவாக இருப்பதோடு, சிதைவுக்குத் துணை செய்யும் காரணமாகவும் இருக்கக்கூடும் என்பது வலுப்பெற்றது. முதிய நரம்பணுவில் ரெஸ்ட் பூட்டுபவை எவை என்று நோக்கியபோது, உயிரணுவைச் சாவுக்கு இட்டுச் செல்லும் மரபணுக்கள் அவற்றுள் இருந்தன. அதே வேளையில், கேடு விளைக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை எதிர்க்கும் மரபணுக்கள் ஊக்கம் பெற்றன.

2019 ஆம் ஆண்டில் அதே குழுவினர் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். அது நம்மை மீண்டும் நரம்புத் துடிப்பினிடமே கொண்டு சேர்க்கிறது. நெடுங்காலம் வாழ்ந்தோரின் மூளையில், நரம்பின் துடிப்புக்கும் கிளர்ச்சிக்கும் உதவும் மரபணுக்கள் ஒப்பளவில் அடங்கியிருந்தன. சிற்றுயிராகிய ஒரு வகை உருளைப் புழுவில் சோதித்தபோது, வயது ஏற ஏற நரம்புக் கிளர்ச்சி மிகுவதும், அக்கிளர்ச்சியைத் தணித்தால் புழுவின் ஆயுள் நீள்வதும் காணப்பட்டன. ரெஸ்ட் இல்லாத எலிகளின் மூளை, வயதானபோது அளவுக்கு மிஞ்சிக் கிளர்ச்சியுற்றது. ஆகவே முதுமையில் ரெஸ்ட் செய்யும் காவலின் ஒரு பகுதி, மிகையான துடிப்பை அடக்குவதே என்று கொள்ள இடமுண்டு.

மிகையான துடிப்பு ஏன் கேடு செய்ய வேண்டும்? உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கை வாங்கிக்கொள்கிறது. அதில் பெரும் பகுதி, துடிப்பின்போது உட்புகுந்த சோடியத்தை வெளியே இறைப்பதற்குச் செலவாகிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை வேண்டாத துடிப்பைத் துடித்தால், வேண்டாத இறைப்பும், அதனால் மிகையான எரிப்பும், அவ்வெரிப்பின் கழிவுகளும் நேர்கின்றன. இளமையில் தாங்கக்கூடிய இச்சுமையை முதிய உயிரணு தாங்குவது அரிது.

அங்ஙனமாயின் சோடிய வாயில்களை மருந்தால் அடைத்துவிட்டால் மறதி நீங்கிவிடுமே என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மை அத்துணை எளிதன்று. மூளையில் கிளர்ச்சியை ஊட்டும் நரம்பணுக்களும் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களும் உண்டு. கட்டுப்படுத்தும் நரம்பணுவும் தன் பணியைச் செய்யத் துடித்தாக வேண்டும். அதற்கு அது பெரிதும் நம்பியிருப்பது முதல் வகைச் சோடிய வாயிலை. அல்சைமர் நோயை ஒத்த கேடு உண்டாகும்படி வளர்க்கப்பட்ட எலிகளில், இக்கட்டுப்படுத்தும் நரம்பணுக்களின் முதல் வகை வாயில் குறைந்திருப்பதை 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். அவ்வாயிலை மீண்டும் பெருக்கியபோது மூளையின் வேண்டாத கிளர்ச்சி தணிந்தது. எலிகளின் நினைவாற்றலும் சீர்பட்டது. ஓரிடத்தில் மூட வேண்டிய வாயிலை மற்றோரிடத்தில் திறக்க வேண்டியிருக்கிறது. முதல் வகை வாயிலின் மரபணு பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகளுக்குக் கொடிய வலிப்பு நோய் உண்டாகிறது; சோடிய வாயிலை அடைக்கும் வலிப்பு மருந்துகள் அவர்களுக்கு நோயை மிகுவித்துவிடுவதால், மருத்துவர் அவற்றைத் தவிர்க்கின்றனர்.

ரெஸ்டும் எல்லா இடத்திலும் நன்மையே செய்வதன்று. ஹண்டிங்டன் நோய் என்பது பரம்பரையாக வரும் கொடிய நரம்புச் சிதைவு. நலமான நரம்பணுவில் ஹண்டிங்டின் என்னும் புரதம் ரெஸ்டை உட்கருவுக்கு வெளியே தடுத்து வைக்கிறது. நோயுற்றவரிடம் அப்புரதம் பழுதுபட்டிருப்பதால் ரெஸ்ட் உள்ளே புகுந்து, நரம்பணுவை வளர்த்துக் காக்கும் ஒரு முக்கிய மரபணுவையும் பூட்டிவிடுகிறது. 2003 ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர் இதனை வெளியிட்டனர். மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் தடைப்பட்ட எலிகளிலும், குறிப்பிட்ட சில நரம்பணுக்களில் ரெஸ்ட் திடீரெனப் பெருகி அவற்றின் அழிவுக்குத் துணை நின்றது. ஒரே காவலாள் ஓரிடத்தில் வீட்டைக் காக்கிறான். வேறோரிடத்தில் வீட்டுக்குரியவரையே வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டுவிடுகிறான்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, முதுமையைப் பற்றிய நம் கருத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வண்டியின் அச்சு தேய்வதைப்போல மூளையும் தேய்கிறது என்பதே பழைய எண்ணம். தேய்வு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நலமான முதிய மூளை அதனை வாளா பொறுத்திருப்பதில்லை. கருப்பருவத்தில் கையாண்ட ஒரு கருவியை மீண்டும் எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆகவே மறதி நோயை வயதின் இயல்பென்று கூறி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அது அக்காவல் தவறிய நிலை. மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். 'தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் விட்டுவிடும்போது, சிகிச்சைக்குரிய காலம் கைநழுவிப் போகிறது. மறதிக்குத் தைராய்டுக் குறைவு, உயிர்ச்சத்து பி-12 குறைவு, மனச்சோர்வு போன்ற எளிதில் மருத்துவம் செய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். அவற்றை ஆராய்ந்து பாராமலே கைவிடுதல் பெரும் இழப்பு.

ரெஸ்டை மூளையில் வேண்டிய அளவு பெருக்கித் தரும் மருந்து எதுவும் இன்று மருத்துவர் கையில் இல்லை. நினைவைப் பெருக்கும் என்று விளம்பரத்தோடு விற்கப்படும் குளிகைகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டுவதில்லை. ஆயினும் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. உலகெங்கும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2024 ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை எடுத்துக் கூறிற்று. உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, கேள்வித்திறன் குறைவைக் கவனியாமை, இளமையில் கல்வி பெறாமை, முதுமையில் தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இவையனைத்தும் நீங்குமாயின், உலகில் நேரும் இத்தகைய நோய்களுள் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பு. காது மந்தமான பாட்டிக்குக் காதுக் கருவி வாங்கித் தருவதும், தனித்திருக்கும் தாத்தாவிடம் நாள்தோறும் சிறிது நேரம் உரையாடுவதும் மூளையைக் காக்கும் பணிகளே என்பதை வீட்டிலுள்ள இளையோர் உணர்தல் வேண்டும்.

ஊசிக் கணவாயின் நரம்பிழையை அளந்தவர்களும், மின் விலாங்கின் புரதத்தைப் பிரித்தவர்களும், தசையில் ஊமையாய்க் கிடந்த ஒரு மரபணுவின் பூட்டைத் தேடியவர்களும் முதியோரின் மறதிக்கு மருந்து காணப் புறப்பட்டவர்கள் அல்லர். உயிர் எவ்வாறு இயங்குகிறது என்பதை உள்ளவாறு அறிய விரும்பினார்கள். 1939 ஆம் ஆண்டில் பிளிமத்தில் எழுந்த அவ்வினாக்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் நலத்தைத் தொடுகின்றன. உடனடிப் பயனை மட்டும் கேட்டு ஆராய்ச்சியை எடைபோடும் நாடு, இத்தகைய பயன்களை என்றும் பெற இயலாது. நம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இவ்வாறான அடிப்படை வினாக்களை எழுப்பும் இளைஞர்களுக்கு, விடை காணும் வரையில் காத்திருக்கும் பொறுமையோடு நாம் ஆதரவளித்தல் வேண்டும்.